வலைக்குப் பன்னிரண்டு நாள்

— தம்பி, அந்த டிரில்ல கீழ வை. சுவத்துல சாய்க்காத. தரையில வை.

— மேடம், நான் இன்னும் ஸ்விட்சே போடல.

— போட வேணாம்னுதான் சொல்றேன். மொதல்ல நீ யாரு, உன்ன யாரு அனுப்பினாங்க, அதச் சொல்லு. கதவத் தொறந்தா நேரா சமையக்கட்டத் தாண்டி வந்து நிக்கற. நான் யாரையும் கூப்பிடல.

— நாகேஷ் மேடம். வலை போடறவன். க்ளென் சார் புக் பண்ணியிருக்காரு. தொம்மலூர், அஞ்சாவது மாடி, மௌரீன் மேடம் வீடு, யூட்டிலிட்டி பால்கனிக்குப் புறா வலை. அஷ்டே. அவ்ளோதான் மேடம். சார் பேரச் சொன்னதும் வாட்ச்மேன் மேல விட்டுட்டாரு.

— க்ளென் என் பையன். டப்ளின்ல இருக்கான். இங்க புறாத் தொல்லைன்னு அவனுக்கு யாரு சொன்னாங்க?

— புறா இல்லாத வீடு பெங்களூர்ல எங்க மேடம் இருக்கு. ஒக்கலிபுரத்துல எங்க வீட்டுத் தகர சீட்டு மேலயே நாப்பது ஒக்காந்திருக்கு.

— இங்க இல்ல. மூணு மாசமா ஒரு புறாகூட இந்தப் பக்கம் வரல. ஏன்னு தெரியணுமா? செருப்பு போட்டிருந்தா கழட்டிட்டு வா. சத்தம் வேணாம். இந்தக் கட்டச் சுவத்துல கைய ஊனிக்கிட்டு நேரா கீழ பாரு. நாலாவது மாடி பாத்ரூம் தெரியுதா?

— தெரியுது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்ல, ஓட்டைதான் இருக்கு. முன்னாடி ஒரு சிலாப். அதுல யாரோ சுண்ணாம்பக் கொட்டியிருக்காங்க.

— சுண்ணாம்பு இல்லப்பா, எச்சம். அந்த வீட்டுக்காரங்க துபாய் போயி ஆறு வருஷம் ஆச்சு. ஃபேன் துருப்பிடிச்சுக் கழண்டு விழுந்துது, யாரும் கேக்கல. இப்ப காதக் குடு.

— யாரோ கொறட்ட விடறாங்க. பூட்டின வீடுன்னீங்க?

— குஞ்சுங்க. பசிச்சா அப்படித்தான் இழுக்கும். கூகைக் குஞ்சு.

— கூகைன்னா?

— ஆந்தையில வெள்ளையா இருக்குமே, அது. ஆப்பிளப் பாதியா வெட்டி வச்ச மாதிரி மூஞ்சி.

— கூபெயா? அய்யோ மேடம், நாள் பூரா வேலை செஞ்சுட்டு கடேசி வீடு இப்படியா வந்து வாய்க்கணும். கன்னடத்துல ஒருத்தன கூபென்னு சொன்னாலே சண்டைக்கு வருவான், தெரியுமா? கூபெ பூந்த வீட்டப் பூட்டிட்டு வேற எடத்துக்குக் குடி போகணும்பாங்க எங்க அம்மா.

— அந்த வீடு ஏற்கெனவே பூட்டித்தான்பா இருக்கு. அதுங்கதான் தேடிக் கண்டுபுடிச்சுக் குடி வந்திருக்கு.

— அதுவும் சரிதான். ஆனா நான் வேலைய முடிக்கணும் மேடம். கீழ் வரிசைக் கொக்கி எல்லாம் அந்த சிலாப்புக்கு மேலதான் அடிக்கணும். இருவது ஓட்டை. அரை மணி நேரம், அஷ்டே.

— அரை மணி நேரம் அதுங்க தலைக்கு மேல டிரில் போட்டா என்ன ஆகும்? பெரிசுக்கு இன்னைக்கு நாப்பத்தெட்டு நாள். பறக்க இன்னும் பன்னெண்டு நாளாவது வேணும். பயந்து வெளிய குதிச்சா நேரா அடியில ஜெனரேட்டர் மேல போயி விழும். பன்னெண்டு நாள் கழிச்சு வா.

— நாப்பத்தெட்டுன்னு எப்படி மேடம் அவ்ளோ கரெக்டா?

— மொத சத்தம் கேட்ட நாள்லருந்து எண்ணறேன். போட்டோவும் இருக்கு. உக்காரு, டீ போட்டு வச்சேன், எனக்குன்னு. ரெண்டு கப் வரும். எப்பவும் ரெண்டு கப்பு வச்சுடறேன், கை பழகிடுச்சு.

— வீட்ல சார் இருக்காரா?

— ஓஸ்வால்ட் போயி வர்ற மே வந்தா ஒரு வருஷம். சர்க்கரை போட்டுக்கறியா?

— ஒரு ஸ்பூன். கேமரா பெரிசா இருக்கே மேடம், கல்யாணத்துக்கு எடுக்கற மாதிரி.

— க்ளென் காலேஜ் படிக்கறப்போ வாங்கினது. பீரோ மேல கெடந்துது. எனக்குப் படம் எடுக்கத் தெரியும்னு நெனச்சேன், கேட்டியா. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்தவ. மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க, அவ்ளோதான் நம்ம வேலை. இதுங்ககிட்டப் போயி யாரு சொல்றது? மொதல் பத்து நாள் எடுத்தது பூரா பனிமூட்டம். ஃப்ளாஷ் போடக் கூடாது, கண்ணு தாங்காது அதுங்களுக்கு. வெளிச்சம் போறதுக்குள்ள, சாயங்காலம் இருவது நிமிஷம் கெடைக்கும். அதுல எடுத்தாதான் உண்டு.

— இது என்ன மேடம், பஞ்சு மூட்டை மாதிரி?

— பத்தாவது நாள். இது பதினெட்டு. பாரு, ஒண்ணு பெரிசு, அடுத்தது அதவிடச் சின்னது, அதுக்கடுத்தது இன்னும் சின்னது. ஒரே நாள்ல பொரிக்காது. ஒண்ணுக்கு ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. ஸ்கூல்ல அசெம்பிளிக்கு ஒயரப்படி நிக்க வைப்பாங்களே, அப்படி நிக்கும்.

— இதுல நாலு இருக்கு. அந்தப் படத்துல மூணுதான் இருக்கு.

— ஆமா.

— நாலாவது?

— கடைக்குட்டி. எலி பத்தாத வாரம். ரெண்டு நாளா தலையத் தூக்கல, மூணாவது நாள் காணோம். அன்னைக்கு நான் படம் எடுக்கல.

— போட்டோல்லாம் யாருக்குக் காட்டுவீங்க?

— இன்னைக்கு உனக்கு.

— க்ளென் சாருக்கு அனுப்பலையா?

— ஒண்ணு அனுப்பினேன். கட்டைவிரலத் தூக்கிக் காமிச்சு ஒரு பொம்மை வந்துது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்ததும் கூப்புடுவான். மருந்து சாப்ட்டியா, வேலைக்காரி வர்றாளா, தண்ணி வருதா. ஏழு நிமிஷம். நல்ல பையன்தான், கேட்டியா. கேக்க வேண்டியத எல்லாம் கேப்பான். போட்டோவ எங்கேந்து எடுத்தேன்னு மட்டும் கேக்கல.

— எங்கேந்து எடுத்தீங்க?

— இந்தச் சுவத்து மேல சாஞ்சுதான். கேமரா பட்டைய மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திப்பேன். கொஞ்சம் நல்லா எட்டிப் பாத்தாத்தான் ஓட்டைக்கு உள்ள தெரியும்.

— அது ரிஸ்க் மேடம். சுவரு உங்க இடுப்புக்குத்தான் வருது.

— உனக்கு கயித்துல தொங்கறது ரிஸ்க் இல்லையா? சரி, அத விடு. நீ வந்ததும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. இந்தப் படத்தப் பாரு, நேத்து எடுத்தது. சின்னது கால்ல என்ன தெரியுது?

— பெரிசு பண்ணுங்க. நூல் மாதிரி இருக்கு.

— முந்தாநாள்லருந்து அது சிலாப்புக்கு வரல. அண்ணனுங்க ரெண்டு பேரும் வெளிய வந்து ஓடியாடுதுங்க. இது வாசல்லயே நின்னு கால இழுக்குது. எரை வாங்க வெளிய வர முடியல, உள்ள வர்ற மிச்சம்தான் அதுக்கு. பறவைங்களக் காப்பாத்தறவங்கன்னு நாலு எடத்துக்கு போன் பண்ணேன். ஒருத்தங்க நாளைக்கு வர்றோம்னாங்க. அந்த நாளைக்கு நேத்தோட போச்சு.

— நான் எறங்கிப் பாக்கணும்கறீங்க.

— மொட்டை மாடியில கயிறு கட்டிட்டுத்தானே வந்த?

— கட்டியிருக்கேன். அதுக்கில்ல மேடம். கூபெயத் தொட்டுட்டு வீட்டுக்குப் போனா எங்க அம்மா என்ன வாசல்லயே நிக்க வச்சுத் தண்ணி ஊத்துவாங்க.

— ஊத்தட்டும். குளிச்ச மாதிரி இருக்கும்.

— நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. போன வருஷம் மாரத்தஹள்ளி பக்கம் ஒரு அபார்ட்மென்ட். பெரிய டக்ட், பைப் எறங்கற குழி, பன்னெண்டு மாடி. ஒரே நாள்ல வலை போட்டு மூடிட்டோம். எட்டு நாள் கழிச்சு நாத்தம்னு கம்ப்ளெய்ன்ட். போனேன். உள்ள பைப் சந்துல புறாக் குஞ்சு, நாலஞ்சு கூடு. தாய்ப் புறா எல்லாம் வலைக்கு வெளிய உக்காந்திருக்குது. எட்டு நாளும் அங்கயே உக்காந்திருந்துதுன்னு வாட்ச்மேன் சொன்னான். நான் கூட்டித் தள்ளி சாக்குல போட்டேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, மறுநாள் வேற பில்டிங். அஷ்டே. நூல வெட்ட பிளேடு என்கிட்ட இருக்கு. அந்தத் துண்டக் குடுங்க, கைக்குச் சுத்திக்கறேன். கொத்துமா அது?

— கொத்தாது, கவ்வும். நகம்தான் கூர்மை. துண்ட அது தலை மேல போட்டு மூடு. இருட்டானா அடங்கிடும், வீடியோல பாத்தேன். கண்ணுக்கு நேரா பாக்காத. பேச்சுக் குடுக்காத.

— நீங்களும் சுவத்து மேல சாயாம நில்லுங்க. சரி, எறங்கறேன்.

— சிலாப்புகிட்ட வந்துட்டியா? என்ன தெரியுது?

— மெல்லப் பேசுங்க மேடம், நீங்கதான சொன்னீங்க. மூணு இருக்கு. ரெண்டு உள்ள மூலைக்குப் போயிடுச்சு. என்னப் பாத்துத் தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுதுங்க, பாம்பு மாதிரி சீறுதுங்க. தரை பூரா எலி எலும்பு. சின்ன சின்ன மண்டையோடு.

— சின்னது?

— இங்கதான், வாசல்ல. நூல்தான் மேடம். பழைய புறா வலை. யாரோ எங்க ஆளுங்கதான் எப்பவோ வெட்டி எறிஞ்சுட்டுப் போயிருக்கான். இரும்புக் கம்பியில சிக்கி, அது கால்ல மூணு சுத்து சுத்தியிருக்கு. இழுத்து இழுத்து இறுகிப் போச்சு.

— ரத்தம் இருக்கா?

— காஞ்சிருக்கு. இருங்க. மூடிட்டேன். அட, அடங்கிடுச்சு.

— பிளேட வெளிப்பக்கமா புடி. நூலுக்கும் தோலுக்கும் நடுவுல உன் வெரல் இருக்கணும்.

— இவ்ளோ லேசா இருக்கே மேடம். மேல பாத்தா இத்தனாம் பெரிசு, உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் பஞ்சு. நெஞ்சு மட்டும் டக்கு டக்குன்னு அடிக்குது.

— பேசாத, வெட்டு.

— ஒண்ணு போச்சு. ரெண்டு. இது உள்ள பூந்திருக்கு... ம். வந்துடுச்சு. அம்மா.

— என்னாச்சு?

— வெரலக் கவ்விடுச்சு. பரவால்ல. பரவால்ல விடு, கோவம் இருக்கும்ல. போ. உள்ள போ. மேடம், கால ஊனுது. நொண்டுது, ஆனா ஊனுது.

— மிச்ச நூல் எல்லாத்தையும் பொறுக்கிட்டு வா. ஒரு இழைகூட விடாத.

— பாக்கெட்ல போட்டுட்டேன். ஏறி வரேன்.

— வெரலக் காட்டு. இந்தக் கொழாயில நல்லா சோப்புப் போட்டுக் கழுவு. இன்னும். நான் மருந்து வைக்கறேன். நாளைக்கு ஒரு ஊசி போட்டுக்கோ, மறந்துடாத. வலிக்குதா?

— இல்ல மேடம். என் பொண்ணு பொறந்தப்போ நர்ஸம்மா கையில குடுத்தாங்களே, அந்த மாதிரி இருந்துது, அந்தச் சூடு. சும்னே சொல்லல. போன் அடிக்குது, ஒரு நிமிஷம். ஹலோ. ஆமா சார். சைட்லதான் இருக்கேன். இல்ல சார், இன்னும் போடல, கொஞ்சம் லேட் ஆகுது. ஆமா, பாத்தேன். நல்லாத்தான் இருக்காங்க சார். பேசறாங்க, டீ குடுத்தாங்க. இல்ல சார், நான் ஒண்ணும் சொல்லல. சரி சார்.

— யாரு அது?

— எங்க ஓனர் மேடம்.

— உங்க ஓனருக்கு நான் நல்லாருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நாகேஷ், என்னப் பாத்துச் சொல்லு. பேசினது க்ளென்தானே?

— மேடம், நான் வேலைக்காரன். சொல்ற எடத்துல சொல்றத மாட்டிட்டுப் போறவன்.

— என்ன மாட்டச் சொன்னான்?

— நீங்க உக்காருங்கம்மா.

— நான் நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— புறாவுக்கு இல்லம்மா இந்த வலை. உங்களுக்கு.

— எனக்கா?

— ஆமாம்மா. மூணு வாரம் முன்னாடி, புக் பண்ண அன்னைக்கே சார் போன் பண்ணாரு. எதிர் பிளாக்ல அம்புஜம் ஆன்ட்டின்னு ஒருத்தங்க பாத்துட்டு அவருக்குச் சொல்லியிருக்காங்க. தெனம் சாயங்காலம் உங்க அம்மா சுவத்து மேல வயிறு வரைக்கும் சாஞ்சு கீழயே பாத்துட்டு நிக்கறாங்க, அப்பா போனதுலருந்து யார்கூடவும் பேசறதில்ல, எனக்கு பயமா இருக்குன்னு. அம்மாகிட்டக் கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, புறா வலைன்னு சொல்லிப் போட்டுடுங்கன்னாரு. கொழந்தைங்க இருக்கற வீட்டுக்குப் போடற கெட்டி வலைதான் கொண்டு வந்திருக்கேன். கோச்சுக்காதீங்கம்மா. என்னால பொய் சொல்லிட்டு டீ குடிக்க முடியல.

— அம்புஜம் எதிர் வீடுப்பா. நடுவுல இந்த டக்ட் ஒண்ணுதான் இருக்கு. அவ வீட்ல குக்கர் எத்தன விசில் அடிக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் வந்து மணி அடிச்சு, மௌரீன், அங்க என்ன பாக்கறேன்னு கேட்டிருந்தா நான் காட்டியிருப்பேனே. இவ டப்ளினுக்கு போன் பண்ணியிருக்கா.

— பயந்திருப்பாங்கம்மா. கேட்டு, நீங்க வேற என்னமோ சொல்லிட்டா என்ன பண்றதுன்னு.

— அவனும் கேக்கல. மூணு ஞாயித்துக்கிழமை பேசியிருக்கான் இதுக்கு நடுவுல. தண்ணி வருதாம்மான்னு கேட்டான். வலை அனுப்பிட்டான்.

— தூரத்துல இருக்கறவங்களுக்கு வேற என்னம்மா அனுப்பத் தெரியும்?

— அந்த டீய முடி, ஆறிடுச்சு பாரு.

— நான் ஒரு போட்டோ எடுத்து அனுப்பவா, கூபெக் குஞ்ச? அம்மா இதத்தான் பாக்கறாங்க சார், நீங்க நெனைக்கற மாதிரி இல்லன்னு எழுதறேன்.

— இரு, பேசாத. ஆறு நாப்பது. இப்ப வரும். அந்தப் பைப்புக்கு மேல, ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல வானம் தெரியுது பாரு, அங்க பாத்துட்டே இரு. கேமராவ நீ புடி. இன்னைக்கு நான் சும்மா பாக்கறேன்.

— எத அமுக்கணும்?

— பாதி அமுக்கு, பச்சைப் புள்ளி வந்ததும் முழுசா. மூச்சப் புடிச்சுக்கோ.

— எங்கம்மா, ஒண்ணும் காணோம்... யப்பா. எப்ப வந்துது? சத்தமே இல்ல.

— றெக்கைக்குச் சத்தம் கெடையாது அதுக்கு. எடு, எடு.

— வாயில எலி. சின்னது வெளிய வந்துடுச்சும்மா, சிலாப்புக்கு வந்துடுச்சு. நொண்டிக்கிட்டே வருது. ச்சே, பெரிசு புடுங்கிடுச்சு.

— புடுங்கத்தான் செய்யும். சின்னது அடுத்த நடைக்கு நிக்கணும். நிக்கும் பாரு. வெளிய வந்துடுச்சுல்ல, இனிமே அது பங்கு அதுக்குக் கெடைக்கும்.

— தாய் போயிடுச்சு. என்னய ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சும்மா. அந்த மூஞ்சி மனுஷ மூஞ்சி மாதிரி இருக்கு. பயமா இல்ல. என்னமோ கேக்கற மாதிரி இருக்கு.

— படம் விழுந்துதா?

— பாருங்க. எலி கொஞ்சம் ஆடிப் போச்சு, சின்னது நல்லா வந்திருக்கு. இத எனக்கு அனுப்புங்கம்மா. வீட்ல காட்டணும். எங்க அம்மா திட்டட்டும்.

— அனுப்பறேன். உன் பொண்ணையும் ஒரு நாள் கூட்டிட்டு வா.

— ஞாயித்துக்கிழமை வரேன். இப்ப க்ளென் சாருக்கு நான் என்ன சொல்லட்டும்? அவரு விட மாட்டாரு, காலையில மறுபடியும் கூப்புடுவாரு. வலை தேவையில்ல, அம்மா போட்டோதான் எடுக்கறாங்கன்னு சொல்லிடறேன், அஷ்டே.

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இன்னைக்கு நானே கூப்பிட்டுப் பேசறேன். குஞ்சுங்க பறந்ததும் வந்து வலையப் போட்டுடு. பன்னெண்டு நாள். அந்தக் கெட்டி வலையே போடு.

— எதுக்கும்மா அது? கூபெயப் பாக்கத்தானே எட்டிப் பாத்தீங்க?

— கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சாயங்காலம் நான் எட்டிப் பாத்தது கூகைய இல்ல, நாகேஷ். தரை எவ்ளோ கீழ இருக்குன்னு பாத்தேன். நடுவுல, அந்த சிலாப்புல, கூகை நின்னு என்னப் பாத்துட்டிருந்துது.